பினியனுக்குப் பின்னால் ஒரு தகடு

ரிமோட்டில் பொம்மைக் கார் ஓட்டுகிற ஆண்கள் முதலில் மோட்டாரைத்தான் மாற்றுவார்கள். காரோடு வந்த மோட்டார் அவர்களுக்குப் போதாது, மண்மேட்டைக் கண்டால் எகிறிக் குதிக்கிற மாதிரி ஒன்று வேண்டும். மாற்றிய மூன்றாம் நாள், மோட்டாரின் விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரென்ஷியலில் பல் போகும். உடனே இரும்புப் பல்சக்கரம் வாங்கிப் போடுவார்கள். அதுவும் போகும். பிறகு அதைவிடக் கெட்டி இரும்பு. அதுவும் போன பிறகு, முழங்கை நீளமுள்ள அந்தக் காரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கி வருகிற முகத்தோடு அண்ணியின் வீட்டு முன்னறைக்கு வந்து நிற்பார்கள். எல்லாம் நரை தட்டிய தலைகள். ஒருவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். இன்னொருவர் பல் மருத்துவர். அந்தப் பல் மருத்துவர் பல் போன காரோடு வந்து நிற்கிற நாளில் மட்டும் அண்ணிக்குப் பாத்திரம் தேய்க்கக்கூட அலுப்பாக இருக்காது.

விஷயம் இத்தனூண்டு. டிஃபரென்ஷியல் பெட்டிக்குள் ஒரு பெரிய பல்சக்கரம், அதைச் சுழற்றுகிற பினியன் என்ற சின்னப் பல்சக்கரம். பெட்டி புதிதாக வரும்போதே இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் தொளதொளப்பு இருக்கும். வேகம் கொடுத்தால் ஒன்றை ஒன்று தள்ளிவிட்டு, பல்லின் நுனி மட்டும் கவ்வும். நுனி எவ்வளவு நாள் தாங்கும்? அந்தத் தொளதொளப்பை அடைக்கத்தான் ஷிம் என்று ஒரு வளையத் தகடு இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். விரல் நுனியில் கிரீஸ் தொட்டு ஒற்றி எடுக்க வேண்டும், பலமாக மூச்சு விட்டால் எங்கே போனது என்று தரையில் தவழ வேண்டும். சரியான இடத்தில் ஒன்று போட்டுவிட்டால் காரோடு வந்த பல்லே வருஷக்கணக்கில் உழைக்கும். இதைச் சொன்னால் வருகிறவர்களுக்கு முகம் சுருங்கிப்போகும். கண்ணுக்குத் தெரியாத ஒரு தகட்டிடம் தோற்றுப்போனதை யார் ஒப்புக்கொள்வார்கள்? கெட்டி இரும்பு இல்லாததுதான் குறை என்று நம்புவது அவர்களுக்குச் சுகமாக இருந்தது.

அண்ணி என்று கொழுந்தன் கூப்பிட்டு, அதைக் கேட்டு வாடிக்கைக்காரர்களும் கூப்பிட்டு, கடைசியில் தபால்காரர்வரை அவள் அண்ணியாகிவிட்டாள். அவள் புருஷனுக்கு 'கியர் டாக்டர்' என்று பெயர். நெற்றியில் பூதக்கண்ணாடி கட்டிக்கொண்டு முன்னறை மேஜையில் உட்கார்ந்திருப்பார். பெட்டியைத் திறப்பார், உடைந்த பல்லை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவார், பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்கே கூட்டம் வந்தது. அதற்குமேல் அவருக்குத் தெரிந்தது, தெரிந்த மாதிரி பேசுவது. பூட்டுகிற வேலை தம்பியுடையது. சின்னவன் என்று வீட்டில் பெயர். எதைக் கேட்டாலும் அரை நிமிஷம் கழித்துத்தான் பதில் சொல்வான். "ஷிம் போட்டியாடா?" என்று டாக்டர் கேட்டால், அரை நிமிஷம் கழித்து, "போட்டாச்சுண்ணே" என்பான். போட்டிருக்க மாட்டான். போட்டிருந்தால் தப்பான பக்கத்தில் போட்டு, பெரிய சக்கரத்தைப் பினியனிடமிருந்து இன்னும் விலக்கி வைத்திருப்பான்.

இதெல்லாம் அண்ணிக்கு எப்படித் தெரியும் என்றால், மதியம் சாப்பிட்டுவிட்டு அண்ணனும் தம்பியும் ஒரு மணி நேரம் குறட்டை விடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில், சமையலறைத் தொட்டியின் பக்கத்துப் பலகையில், அன்றைக்குப் பூட்டிய பெட்டி ஒவ்வொன்றையும் அவள் திறந்து சரிசெய்து மூடிவிடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் தண்ணீர் மீட்டர் செய்கிற ஆலையில் பல்சக்கரம் பூட்டியவள். பெட்டியைக் காதோரம் வைத்துச் சுற்றினாலே எங்கே கடிக்கிறது, எங்கே தொளதொளக்கிறது என்று சொல்லிவிடுவாள். நாலு வருஷமாக அந்தக் கடையிலிருந்து அவள் கைபடாமல் ஒரு கார்கூட வெளியே போனதில்லை. யாரிடமும் சொன்னதுமில்லை. சொன்னால் நம்பமாட்டார்கள் என்பது ஒரு காரணம். சொல்லாமல் இருந்தால் இரண்டு பேரையும் பார்த்து மனசுக்குள் சிரித்துக்கொண்டே இருக்கலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். டாக்டர் புகழப்படும்போதெல்லாம் அவள் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அங்கே போய்ச் சிரிப்பாள்.

ஒரு மழை வாரத்தில்தான் சின்னவனுக்கு வேலை ஒன்று வாய்க்கிற மாதிரி இருந்தது. ஊருக்கு வெளியே பொம்மைக் கார் ஓட்டுவதற்கென்றே மேடும் பள்ளமுமாக ஒரு மைதானம் உண்டு. அங்கே வாடகைக்கு விடுகிற இருபது கார்களையும் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. மைதானத்துப் பட்டறைக்கு மேலே தங்க ஓர் அறையும் கொடுப்பார்கள். சின்னவனும் அவன் பெண்டாட்டி சின்னவளும் கல்யாணமான நாளிலிருந்து சாமான் அறையில், டயர் அலமாரிக்குக் கீழே, ஒரு திரைக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டிருந்தார்கள். மைதானத்து மேனேஜர் பல் போன கார் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். இதைச் சரிசெய்து வியாழக்கிழமை கொண்டு வா, அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டுவேன், தாங்கினால் வேலை உனக்கு. அவ்வளவுதான் பேச்சு.

"ரூம்ல ரெண்டு ஜன்னல் இருக்குக்கா," என்றாள் சின்னவள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், கை சும்மா இருந்தாலும் எதையாவது நீவிக்கொண்டே இருப்பாள். அப்போது சாப்பாட்டு மேஜையின் விரிப்பை நீவிக்கொண்டிருந்தாள். "நான் போய் அளவெடுத்துட்டே வந்துட்டேன். திரை தைக்கணும்ல."

"கார் இன்னும் முன்னறை மேஜை மேலதான் கெடக்கு. அதுக்குள்ள திரையா?" என்றாள் அண்ணி.

"இந்தத் தடவ ரொம்ப அக்கறையா பண்றாருக்கா. நேத்துலேர்ந்து சரியா சாப்பிடக்கூட இல்ல."

"சாப்பிடாம இருந்தா பல்லு ஒட்டிக்குமா?"

டாக்டர் அவித்த முட்டையை இரண்டாக வெட்டிக்கொண்டே, "டேய், கெட்டி இரும்புப் பல்லா பாத்துப் போட்டுட்டியா?" என்றார்.

அரை நிமிஷம் ஆனது. "இல்லண்ணே. முன்னாடி இருந்த மாதிரி சாதாப் பல்லுதான். ஷிம் போட்டிருக்கேன்."

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

அண்ணி அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். போட்டாச்சாம். நாலு வருஷமாக இதே வார்த்தை. இவன் அங்கே போய் இருபது காரைப் பார்த்துக்கொள்ளப் போகிறானாம், கீழே உட்கார்ந்து இவன் பூட்ட, மேலே ஜன்னலுக்குத் திரை ஆட, ஒரே வாரத்தில் இருபதும் பல் இல்லாமல் நிற்கும். அங்கே போய்ப் பெட்டி திறக்க யார் இருக்கிறார்கள்?

"அண்ணி," என்றான் சின்னவன், தட்டைப் பார்த்தபடி.

"என்ன?"

"ஒண்ணுமில்ல," என்று எழுந்து கை கழுவப் போனான்.

மதியம் குறட்டை தொடங்கியதும் அவள் அந்தக் காரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, கொடியில் துணி வேறு கிடந்தது. பின் பெட்டியின் நாலு திருகையும் கழற்றி மேல்மூடியை எடுத்தாள். உள்ளே புது கிரீஸ் தாராளமாக அப்பியிருந்தது. தெரியாததை எல்லாம் கிரீஸ் போட்டு மூடுவது இந்த வீட்டு ஆண்களின் வழக்கம் என்று நினைத்துக்கொண்டாள். பினியனை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு பெரிய சக்கரத்தை அசைத்தாள். கொஞ்சம் ஆடியது. மயிரிழை ஆட்டம்தான். அவள் பூட்டிய பெட்டியில் அந்த ஆட்டம் இருந்திருந்தால், அளவாக இருக்கிறது என்று மூடியிருப்பாள். இது சின்னவன் பூட்டியது. அவன் கைபட்டதில் ஆட்டம் இருந்தால் அது தொளதொளப்பாகத்தான் இருக்க முடியும்.

அவன் ஷிம் போட்டிருந்தால் பெரிய சக்கரத்தின் பக்கம், பேரிங்குக்கு அடியில்தான் போட்டிருக்க வேண்டும். பார்க்க வேண்டுமானால் கிரீஸைத் துடைத்து, பேரிங்கை நெம்பி எடுக்க வேண்டும். வேறு எந்த நாளாக இருந்தாலும் எடுத்திருப்பாள். மெல்லிய காகிதத்துண்டு ஒன்றைப் பல்லுக்கு நடுவில் விட்டுச் சுற்றியும் பார்த்திருப்பாள். காகிதம் மடிந்து வந்தால் சரி, கிழிந்து வந்தால் இறுக்கம். அன்றைக்கு மழைத்துளி கூரையில் விழுந்துவிட்டது. போடாததைத் தேடிக்கொண்டிருப்பானேன் என்று பினியனை மட்டும் உருவி, அதன் பின்னால் தகடு ஒன்றை ஒற்றி, திரும்ப மாட்டி, மூடியைத் திருகிவிட்டு, கொடியை நோக்கி ஓடினாள். துணியை எடுத்துவிட்டாள். நனையவில்லை.

வியாழக்கிழமை அண்ணியை விட்டுவிட்டு மற்ற மூன்று பேரும் மைதானத்துக்குப் போனார்கள். டாக்டர் பூதக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டார். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து, தன் காரை வாங்கிக்கொள்ள வந்த தலைமையாசிரியர் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். கேட்க ஆள் கிடைத்ததும் டாக்டர் நடந்ததை நின்றுகொண்டே சொன்னார்.

"ஆறே நிமிஷம் சார். அது வரைக்கும் தேன் மாதிரி ஓடிச்சு. அப்புறம் கரகரன்னு ஒரு சத்தம். நான் அப்பவே சொன்னேன், நிறுத்துங்கன்னு. மேனேஜர் கேக்கல. அடுத்த வளைவுல மடார்னு நின்னுருச்சு. பெட்டியத் தொட முடியல, அவ்வளவு சூடு. பல்லு மொத்தமும் போச்சு."

"கெட்டி இரும்பு போட்டிருக்கலாமே," என்றார் தலைமையாசிரியர்.

"தலபாடா அடிச்சுக்கிட்டேன் சார். கேட்டாத்தானே."

சின்னவன் கார் மேல் பார்வையை வைத்தபடி நின்றான். "சரியாத்தான் போட்டேன்," என்றான், யாரிடமும் இல்லாமல். "இந்தத் தடவ சரியாத்தான் போட்டேன்."

சூடு என்ற வார்த்தையைக் கேட்டதுமே அண்ணி எட்டிக் காரை எடுத்தாள். தொளதொளப்பில் பல் போனால் சூடு வராது. இறுக்கத்தில்தான் சூடு வரும். காரை மேஜைமேல் வைத்து, எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்தாள். கிரீஸ் கருகிக் கிடந்தது. பெரிய சக்கரத்தைத் தூக்கி, பேரிங்கை நெம்பினாள். அடியில் ஒரு தகடு. சரியான பக்கம், சரியான கனம், ஓரம்கூட மடியாமல் உட்கார்ந்திருந்தது. அதை மேஜையில் வைத்தாள். பிறகு பினியனை உருவி, பின்னாலிருந்த தகட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"இது சின்னவன் போட்டது," என்றாள். "இது நான் போட்டது. ரெண்டுல எது ஒண்ணு மட்டும் இருந்தாலும் ஓடியிருக்கும். ரெண்டும் சேந்து இறுக்கிப் பிடிச்சிருச்சு. தப்பு என்னோடது."

டாக்டர் சிரித்தார். அவருக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

"கேட்டீங்களா சார்? கொழுந்தனுக்காகப் பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறா. இப்படி ஒரு அண்ணி எவனுக்குக் கிடைப்பா?"

"தாயுள்ளம்," என்றார் தலைமையாசிரியர்.

"ஒரு உள்ளமும் இல்ல," என்றாள் அண்ணி. "நாலு வருஷமா இந்தக் கடையில பூட்டறத எல்லாம் நான்தான் பிரிச்சுப் பூட்டறேன். சார் வச்சிருக்கிற கார்லகூட தகடு நான் போட்டதுதான். வேணும்னா கண்ணக் கட்டுங்க, இப்பவே ஒரு பெட்டி பூட்டிக் காட்டறேன்."

"பூட்டுவே, பூட்டுவே," என்றார் டாக்டர் அன்பாக. "தினம் பாத்துக்கிட்டே இருக்கியே, கை வந்திருக்கும். போ, போய் சாருக்குத் தேநீர் கொண்டா."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் இடுக்கியை எடுத்து அந்தப் பூதக்கண்ணாடியை நொறுக்கியிருப்பாள். நாலு வருஷமாக மனசுக்குள் வைத்துச் சிரித்த உண்மை, வெளியே எடுத்தபோது அவர்கள் கண்ணுக்கு அவளுடைய நல்ல குணமாக மாறிவிட்டது. அவளுக்குச் சின்னவன் மேல் பாசம் ஒரு பொட்டுகூடக் கிடையாது. அது தெரிந்த ஆள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். தேநீர் போட உள்ளே போனாள்.

சின்னவன் பின்னாலேயே வந்து தொட்டியோரம் நின்றான். அரை நிமிஷம் கழித்து, "எனக்குத் தெரியும் அண்ணி," என்றான்.

"என்ன தெரியும்?"

"நீங்க பிரிச்சுப் பூட்டறது. மொதல் வருஷத்துலேர்ந்தே தெரியும். நான் தூங்க மாட்டேன், பொய்க் குறட்டை விட்டுக்கிட்டுச் சும்மா படுத்திருப்பேன். திரை இடுக்குல பாத்தா இந்தப் பலகை நேராத் தெரியும்."

அவள் கையில் தேநீர்க் கரண்டி அப்படியே நின்றது. "தெரிஞ்சுமா அப்படிப் பூட்டினே?"

"எப்படியும் நீங்க சரி பண்ணிடுவீங்க. நான் எதுக்கு மெனக்கெடணும்?" அவன் குரலில் வெட்கம் எதுவும் இல்லை. "காகிதம் விட்டுப் பாக்கறது, பேரிங்குக்கு அடியில போடறது எல்லாம் உங்களப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். இந்தக் கார மட்டும் ஆறு தடவ பிரிச்சுப் பூட்டினேன்."

"அன்னிக்குச் சாப்பிடறப்ப கூப்பிட்டியே."

"தொடாதீங்கன்னு சொல்லலாம்னு நெனச்சேன். சொன்னா நீங்க கண்டிப்பாத் தொடுவீங்க. அதான் விட்டுட்டேன். அன்னிக்கு மட்டும் அசதியில நெசமாவே தூங்கிட்டேன்."

தான் பார்த்துச் சிரிக்க இரண்டு முட்டாள்கள் இருக்கிறார்கள் என்று நாலு வருஷம் இருந்தவளுக்கு, அதில் ஒருவன் படுத்துக்கொண்டு தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது நெஞ்சில் கொதித்தது. திரைக்கு அந்தப் பக்கம் சின்னவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அண்ணி அடுப்பை அணைத்தாள். தலைமையாசிரியருக்கு அன்று தேநீர் கிடைக்கவில்லை.

"கார எடு," என்றாள். "புதுப் பல்லு ஒரு ஜோடி எடு. அந்த மேனேஜர்கிட்ட நானே சொல்றேன்."

மைதானத்தில் மேனேஜர் தன் அறையில் கோப்புகளுக்கு நடுவே சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தகடுகளையும் அவள் ஒரு காகிதத்தில் வைத்து நீட்டியபோது, ரொட்டித்துணுக்கு விழாமல் சாண்ட்விச்சைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தார். அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

"உங்க வீட்டுல யார் கை யார் பெட்டிக்குள்ள போச்சுன்னு எனக்கு எதுக்கும்மா? என் கார் நின்னுச்சு. அதான் எனக்குத் தெரியும்."

"இவன் போட்டது சரி. நான் கெடுத்தேன். இன்னொரு தடவ ஓட்டிப் பாருங்க."

"இவன் பூட்டறான்னு எனக்கு என்ன நிச்சயம்? நாளைக்கு இருபது காரையும் சாயந்தரம் உங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தா?" வாயைத் துடைத்துக்கொண்டார். "இங்கேயே பூட்டட்டும். என் மேஜையில, என் கண்ணு முன்னாடி. நீங்க வெளியே இருங்க. பட்டறைக்குள்ள வரக்கூடாது."

"நான் எதுக்கு வரப்போறேன்?"

வேலியோரம் ஈரமான பெஞ்சு ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்தாள். மழை விட்டு, மைதானத்தின் பள்ளங்களில் செந்நீர் தேங்கிக் கிடந்தது. பட்டறையின் ஜன்னல் வழியாகச் சின்னவனின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகை வைத்தே அவன் என்ன செய்கிறான் என்று அவளால் சொல்ல முடிந்தது. இப்போது பேரிங்கை அழுத்துகிறான். இப்போது காகிதம் விடுகிறான். திரும்பப் பிரிக்கிறான். மந்தம், மந்தம், ஒரு பெட்டிக்கு இவ்வளவு நேரமா? கை துறுதுறுத்ததால் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கார் ஓடத் தொடங்கியது. மேனேஜரே ஓட்டினார், இரக்கமில்லாமல். மேட்டில் ஏறி எகிறி விழுந்து, வளைவில் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு அது அவள் முன்னால் ஒவ்வொரு முறை கடந்துபோகும்போதும் அவள் கண்ணை மூடிக் காதைக் கொடுத்தாள். ஆறாவது நிமிஷம் வந்தது. போனது. பத்தாவது நிமிஷத்தில் லேசாக ஒரு கரகரப்பு கேட்ட மாதிரி இருந்தது. அவளுக்கு உடம்பு நிமிர்ந்தது. கல் பட்ட சத்தம். அது கல் என்று தெரிந்ததும் உள்ளே ஏதோ ஒன்று தொய்ந்து உட்கார்ந்தது. அப்போதுதான் தான் எதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு விளங்கியது. அவனுக்காக ஒருவரிடம் கெஞ்சாத குறையாகப் பேசிவிட்டு வந்து, அந்தப் பல் உடைகிற சத்தத்துக்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள். உடைய வேண்டும் என்று விரும்பினாள். உடைந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், அவன் திரைக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொள்வான், மதியம் அவள் பெட்டி திறப்பாள். இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே மேலும் உற்றுக் கேட்டாள்.

அரை மணி நேரம் ஆனது. உடையவில்லை. மேனேஜர் இன்னும் ஐந்து நிமிஷம் சேர்த்தே ஓட்டினார். பிறகு சின்னவனிடம் மாடி அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு, முதுகில் தட்டக்கூடத் தட்டாமல் தன் அறைக்குள் போனார்.

சின்னவன் சேறு சொட்டச் சொட்டக் காரைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் வந்தான். பின் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தான்.

"சூடே இல்ல அண்ணி," என்றான்.

அவள் எழுந்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"குடு. ஒரு தடவ தெறந்து பாத்துடறேன்."

இந்த முறை அவன் அரை நிமிஷம் எடுத்துக்கொள்ளவில்லை. "வேண்டாம் அண்ணி," என்று சொல்லிவிட்டுக் காரோடு பட்டறைப் பக்கம் நடந்தான். அவள் நீட்டிய கையை மடக்கிக்கொள்ளக் கொஞ்ச நேரமானது.